"ஆயாசமா இருக்கு டாக்டரு": திருத்தணியிலிருந்து ஒரு நீளமான த்ரெட்

செப்டம்பர் 5 வந்தா போதும், டைம்லைன்ல வருஷா வருஷம் ஒரே சண்டை. திருத்தணியில் பிறந்த சர்வபள்ளி ராதாகிருஷ்ணன் தமிழரா, தெலுங்கரா? ஒரு குரூப் "எங்க ஊர் ஆளு"ங்குது. இன்னொரு குரூப் "வந்தேறி"ங்குது. நடுவுல நாலு மீம். மறுநாள் எல்லாரும் வேற சண்டைக்குப் போயிடறாங்க.

நான் அந்தத் திருத்தணியில ஓபி பார்க்கிற டாக்டர். சண்டை முடிஞ்சு எல்லாரும் போன பிறகும் எனக்கு இங்கதான் வேலை. அதனால இந்த விஷயத்துல எனக்கு ஒரு கருத்து இருக்கு. கொஞ்சம் நீளமாப் போகும். டீ எடுத்துட்டு வந்து உக்காருங்க.

முதல்ல அந்தக் கேள்விக்கே பதில் சொல்லிடறேன். ராதாகிருஷ்ணன் 1888-ல் பிறந்தபோது இந்த ஊர் வட ஆற்காடு மாவட்டத்தில் இருந்தது. கார்வேட்டிநகர் ஜமீன் பகுதி. வீட்டில் தெலுங்கு. படித்தது திருத்தணி, திருப்பதி, வேலூர், கடைசியில் சென்னை கிறிஸ்தவக் கல்லூரி. பெயருக்கு முன்னால் நிற்கும் சர்வபள்ளி நெல்லூர் பக்கத்து ஊர். அன்னைக்கு ஆந்திரானு ஒரு மாநிலமும் கிடையாது, தமிழ்நாடுனு ஒரு மாநிலமும் கிடையாது. கோடு போடறதுக்கு 65 வருஷம் முன்னாடி பிறந்த மனுஷனைக் கூப்பிட்டு "நீ கோட்டுக்கு எந்தப் பக்கம்?"னு கேட்டா அவர் என்ன சொல்லுவார்?

என்கிட்ட சுகருக்கும் பிரஷருக்கும் மாத்திரை வாங்க வர்ற ஒரு பெரியவர் இருக்கார். எண்பது தாண்டிட்டார். ஒருநாள் பேச்சுவாக்கில் சொன்னார்: "நான் வீடே மாத்தல டாக்டரு. கவர்மெண்டுதான் மாறிக்கிட்டே இருந்துச்சு."

கணக்குப் போட்டுப் பார்த்தேன். அவர் சொன்னது அப்படியே நிஜம். 1911-ல் சித்தூர் மாவட்டம் உருவானபோது திருத்தணி அதுக்குள்ள போச்சு. அவர் பிறந்தபோது அது மெட்ராஸ் மாகாணம். 1953 அக்டோபர் 1, ஆந்திர மாநிலம் பிறந்தது. சித்தூர் மாவட்டத்தோட சேர்ந்து திருத்தணியும் அங்கே போச்சு. 1956-ல் அது ஆந்திரப் பிரதேசம் ஆச்சு. 1960 ஏப்ரல் 1, திருத்தணி திரும்ப மெட்ராஸ் மாநிலத்துக்கு வந்து செங்கல்பட்டு மாவட்டத்துல சேர்ந்தது. 1969-ல் மாநிலத்தோட பேரு தமிழ்நாடு ஆச்சு. 1997-ல் திருவள்ளூர் மாவட்டம் ஆச்சு. ஒரே தெரு, ஒரே திண்ணை. ரேஷன் கார்டு மட்டும்தான் ஊர் ஊரா சுத்தியிருக்கு.

இந்தக் கோடு சும்மா பென்சில்ல வரைஞ்சது இல்ல. உயிர்கள் போயிருக்கு. முதல் பெயர் பொட்டி ஸ்ரீராமுலு.

1952 அக்டோபர் 19 அன்று மயிலாப்பூரில் புலுசு சாம்பமூர்த்தி வீட்டில் உண்ணாவிரதம் தொடங்கினார். டிசம்பர் 15 இரவு இறந்தார். 58 நாள். இந்த 58 நாளை வரலாற்றுப் புத்தகம் ஒரே வரியில் தாண்டிப் போயிடும். டாக்டரா எனக்கு அப்படித் தாண்ட முடியல.

சாப்பாடு நின்னா ஒரு நாளுக்குள்ளேயே கல்லீரல்ல இருக்கிற சர்க்கரைக் கையிருப்பு காலி. மூளைக்கு மட்டும் தினமும் நூறு கிராமுக்கு மேல குளுக்கோஸ் வேணும். உடம்பு என்ன பண்ணும்? முதல்ல தசையை உருக்கி அதுல இருந்து சர்க்கரை செய்யும். அப்படியே போனா இதயத் தசையும் மூச்சு விடற தசையும் சீக்கிரம் கரைஞ்சு ஆள் போயிடுவான்னு அதுக்குத் தெரியும். அதனால கொழுப்பை எரிச்சு கீட்டோன் பண்ண ஆரம்பிக்கும். சில வாரத்துல மூளை பாதிக்கு மேல கீட்டோன்லதான் ஓடும். (அதே கீட்டோனைத்தான் இன்னைக்குக் காசு குடுத்து டயட்ல வரவழைக்கிறோம்.) ஆரம்ப நாட்களுக்குப் பிறகு பசி மழுங்கிடும். அதுக்கப்புறம் பி1 வைட்டமின் இருப்பு தீரும். பார்வை இரட்டையாத் தெரியும், நடை தள்ளாடும், தண்ணி குடிச்சாலே குமட்டும். கொழுப்பு தீர்ந்ததும் மறுபடி தசை. கடைசியில இதயம்.

ஒவ்வொரு நாளும் உடம்பு "சாப்பிடு, சாப்பிடு"னு கத்தும். ஒரு வாய் கஞ்சி போதும், எல்லாம் நின்னுடும். அதை 58 நாள் ஒரு மனுஷன் வேண்டாம்னு தள்ளியிருக்கார். எதுக்கு? தன் பிள்ளைக்காக இல்ல. மனைவியையும் குழந்தையையும் எப்பவோ இழந்தவர் அவர். தான் ஒருநாளும் பார்க்கப் போகாத லட்சக்கணக்கான பேரை "நாம்"னு நினைச்சதால. இதுக்கு முன்னாடி நெல்லூர்ல தலித் மக்கள் கோயிலுக்குள்ள போகணும்னும் உண்ணாவிரதம் இருந்தவர்தான்.

1956-ல் விருதுநகரில் சங்கரலிங்கனார் மாநிலத்துக்குத் தமிழ்நாடுனு பேர் வைக்கணும்னு உண்ணாவிரதம் உக்காந்தார். இரண்டு மாதத்துக்கு மேல் கிடந்து அக்டோபர் 13 அன்று இறந்தார். வேற மொழி, வேற கோரிக்கை. உள்ள நடந்த உயிர்வேதியியல் ஒன்னுதான்.

ஸ்ரீராமுலு இறந்த செய்தி பரவினதும் தெலுங்கு மாவட்டங்கள்ல ரயில்கள் மறிக்கப்பட்டன, அரசு அலுவலகங்கள் தாக்கப்பட்டன, போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் பலர் செத்தார்கள். நாலே நாள்ல, டிசம்பர் 19 அன்று, ஆந்திர மாநிலம் அமைக்கிறோம்னு நேரு அறிவிச்சார். "நாம்" என்கிற உணர்ச்சி ஒருத்தரைப் பட்டினி கிடக்க வைக்கும். அதே உணர்ச்சி அடுத்த வாரமே கல்லையும் தீப்பந்தத்தையும் எடுக்க வைக்கும். ரெண்டும் வேற வேற குணம்னு நமக்கு நாமே சொல்லிக்கறோம். எனக்கு அப்படித் தோணல. ஒரே ஒயர்லதான் ரெண்டு பல்பும் எரியுது.

எதிர்ப் பக்கத்துல ம.பொ.சி. தெலுங்கு மாவட்டங்களில் "மதராஸ் மனதே" கோஷம் எழுந்தபோது, சென்னையை விடமாட்டோம், வடக்கே வேங்கடம் வரை எங்களுதுனு அவரும் தமிழரசுக் கழகமும் நின்னாங்க. இந்தப் பகுதியில் ஊர் ஊராப் போய் தமிழ் கற்பிச்ச ஆசிரியர் மங்கலங்கிழார் கூட நின்னார். 1953-க்கு அப்புறமும் போராட்டம், சிறை. அதுலயும் உயிர் போச்சு. பிறகு படாஸ்கர் நடுவரா வந்தார். கிராமத்தை அலகா வச்சு, எங்க எந்த மொழி பேசறவங்க அதிகம், ஊருக்கும் ஊருக்கும் தொடர்ச்சி இருக்கானு பார்த்து எல்லையைப் பரிந்துரைச்சார். திருத்தணி இங்கே வந்தது. சத்தியவேடு பக்கம் அங்கே போனது. திருப்பதி, சித்தூர், புத்தூர், நகரி அங்கேயே நின்னது.

ஒரு சின்ன விஷயம், யாரும் கவனிக்கறதில்ல. ஸ்ரீராமுலு பிறந்தது 1901-ல், சென்னையில். ம.பொ.சி. பிறந்தது 1906-ல், அதே சென்னையில். ஒருத்தர் பம்பாயில படிச்ச சுகாதாரப் பொறியாளர். இன்னொருத்தர் வறுமையால பள்ளிக்கூடத்தைப் பாதியில விட்டு அச்சகத்துல எழுத்து கோத்தவர். ஒரே ஊர்க் காத்தைக் குடிச்சு வளர்ந்த ரெண்டு பேர் அந்த ஊர் யாருதுங்கற சண்டைக்கு ரெண்டு பக்கத்து முகமா ஆனாங்க.

இங்க என் கட்சியைத் தெளிவாச் சொல்லிடறேன், இல்லன்னா ரிப்ளைல என்னைக் காய்ச்சுவீங்க. மொழிவாரி மாநிலம் சரியான முடிவு. தாலுகா ஆபீஸ்ல, கோர்ட்டுல, பள்ளிக்கூடத்துல, ஆஸ்பத்திரியில ஒரு சாமானியன் தன் மொழியில பேசவும், தனக்குப் புரியற மொழியில பதில் வாங்கவும் முடியணும். திருத்தணி தமிழ்நாட்டுக்கு வந்ததும் சரி. அதுக்காகச் சிறை போனவங்களுக்கு இந்த ஊர் கடன்பட்டிருக்கு. கோடு போட்டதுல எனக்குத் தகராறு இல்ல. கோடு நிலத்துல இருக்கற வரைக்கும் நல்லது. அது மனுஷன் மேல ஏறும்போதுதான் என் வேலை கெடுது.

கொஞ்சம் அமெரிக்கா போயிட்டு வருவோம்.

1954 கோடைக்காலம். ஒக்லஹோமாவில் ராபர்ஸ் கேவ்னு ஒரு இடம். முசாபர் ஷெரீப் என்ற உளவியலாளர் 11 வயசுப் பையன்கள் 22 பேரைக் கூட்டிட்டுப் போய் ரெண்டு குழுவாப் பிரிச்சார். முதல் வாரம் ஒரு குழுவுக்கு இன்னொரு குழு இருக்கறதே தெரியாது. அவங்களே பேர் வச்சுக்கிட்டாங்க: கழுகுகள், பாம்புகள். அப்புறம் போட்டி, பரிசு. சில நாள்லயே ஒருத்தர் கொடியை ஒருத்தர் எரிச்சு, தங்கற இடத்துல புகுந்து சூறையாடி, அடிதடி. எல்லாம் ஒரே மொழி, ஒரே நிறம், ஒரே மதம், ஒரே வசதி உள்ள வீட்டுப் பிள்ளைங்க. பிறகு தண்ணிக் குழாய் அடைச்சுக்கிச்சுனு ஒரு பொதுப் பிரச்சனையைக் குடுத்தப்ப சேர்ந்து வேலை செஞ்சு சமாதானம் ஆனாங்க.

இந்தக் கதை எல்லா உளவியல் பாடப் புத்தகத்துலயும் இருக்கு. "மனுஷனே இப்படித்தான், பிரிச்சு விட்டா கடிச்சுக்குவான்"னு முடிப்பாங்க. நானும் கல்லூரியில அப்படித்தான் படிச்சேன்.

பாடப் புத்தகம் பெரும்பாலும் சொல்லாம விட்டது அதுக்கு முந்தின வருஷக் கதை. 1953-ல், ஆந்திர மாநிலம் பிறந்த அதே வருஷம், நியூயார்க் மாநிலத்தில் மிடில் குரோவ் என்ற இடத்துல ஷெரீப் இதே சோதனையைச் செய்து பார்த்தார். அங்கே ஒரு வித்தியாசம். பிரிக்கறதுக்கு முன்னாடி பையன்கள் எல்லாம் ஒன்னாத் தங்கி, ஒன்னா விளையாடி, ஃப்ரெண்ட்ஸ் ஆயிட்டாங்க. அதுக்கப்புறம்தான் ரெண்டு குழு. ஷெரீப்போட ஆட்களே ரகசியமாத் துணியை எடுத்து, கூடாரத்தைக் கலைச்சு, பழியை எதிர்க் குழு மேல போடப் பார்த்தாங்க. பையன்கள் நம்பல. அவங்க பண்ணியிருக்க மாட்டாங்கன்னாங்க. கடைசியில சந்தேகம் கேம்ப் நடத்தினவங்க மேலயே திரும்பிச்சு. சோதனையைப் பாதியில நிறுத்திட்டாங்க. 2018-ல் ஜினா பெர்ரி என்ற எழுத்தாளர் பழைய ஆவணங்களைத் தோண்டி இதை ஒரு புத்தகமாவே எழுதினார்.

ஷெரீப்பைக் குறை சொல்லவும் மனசு வரல. அவர் துருக்கியில் பிறந்தவர். 1919-ல் கிரேக்கப் படை இஸ்மிர்ல இறங்கி ஆட்களைக் கொன்னப்ப சாவு பக்கத்துல வந்துட்டுப் போச்சு. அப்ப அவர் சின்னப் பையன். பக்கத்து வீட்டுக்காரங்க ஒருத்தரை ஒருத்தர் எப்படி வெட்டினாங்கங்கற கேள்வி அவர் வாழ்நாள் முழுக்க ஓடியிருக்கு. அந்தக் கேள்வியோட போனவருக்கு 1954-ல் கிடைச்ச பதில் பிடிச்சுது. 1953-ல் கிடைச்ச பதில் பிடிக்கல.

எனக்கு 1953-தான் பிடிச்சிருக்கு. ஏன்னா திருத்தணி அந்த மாதிரி ஊர். கோடு வர்றதுக்கு முன்னாடியே இங்க எல்லாரும் எல்லாருக்கும் தெரிஞ்சவங்க.

பஸ் ஸ்டாண்டுல நின்னு பாருங்க. நகரி, புத்தூர், திருப்பதி பஸ் ஒரு பக்கம். பள்ளிப்பட்டு, பொதட்டூர்பேட்டை பஸ் ஒரு பக்கம். ஆடிக் கிருத்திகைக்குப் பூக்காவடி எடுத்துட்டு வர்ற கூட்டத்துல எத்தனையோ பேர் சித்தூர் பக்கம். அருணகிரிநாதர் தமிழ்ல பாடின மலை. முத்துசுவாமி தீட்சிதர் தன் முதல் கீர்த்தனையை சமஸ்கிருதத்துல பாடினதாச் சொல்ற அதே மலை. "அரோகரா"வுக்கு மொழிபெயர்ப்பு தேவைப்படல.

ஓபியில இது இன்னும் நல்லாத் தெரியும். கண்ணு ரெண்டு மொழியிலயும் கண்ணு. காலு காலுதான். மூக்கு அங்க முக்கு. தலை அங்க தல. பிரசவ வார்டுக்கு வெளியே நின்னு கேட்டா உள்ள இருக்கற பொண்ணு தமிழா தெலுங்கானு சொல்லவே முடியாது. "அம்மா", "ஐயோ" ரெண்டும் ரெண்டு மொழிக்கும் பொது.

சிரிப்பும் உண்டு. "வேலு வாச்சிந்தி"னு ஒரு அம்மா சொன்னா, முருகன் ஊராச்சே, ஏதோ வேல் சமாச்சாரம்னு நினைப்பீங்க. தெலுங்குல வேலுன்னா விரல். விரல் வீங்கிருக்கு, அவ்வளவுதான். "கடுப்பு நொப்பி"ன்னா வயித்து வலி. தெற்கத்திப் பக்கத்துல இருந்து வந்த ஒரு ஹவுஸ் சர்ஜன் தம்பி அதை நீர்க்கடுப்புனு எழுதி யூரின் டெஸ்டுக்கு அனுப்பினான். அதுல ஒன்னும் மோசம் போகல.

மோசம் போகக் கூடிய வார்த்தை ஒன்னு இருக்கு. ஆயாசம்.

தமிழ்ல ஆயாசம்னா களைப்பு. தெலுங்குல ஆயாசம்னா மூச்சு வாங்கறது. ஒரு அறுபது வயசு அம்மா வந்து "ரெண்டு நாளா ஆயாசமா இருக்கு டாக்டரு"னு சொல்றாங்கன்னு வச்சுக்குங்க. தமிழ்க் காது உள்ளவர் ரத்தசோகையா, தூக்கம் இல்லையானு யோசிச்சு சத்து மாத்திரை எழுதுவார். தெலுங்குக் காது உள்ளவர் உடனே எழுந்து ஸ்டெதஸ்கோப்பை நெஞ்சுல வைப்பார், கால்ல வீக்கம் இருக்கானு அமுக்கிப் பார்ப்பார், இசிஜி எடுக்கச் சொல்லுவார். ஏன்னா அது இதயம் பலவீனமாகி நுரையீரல்ல நீர் கோத்துக்கறதா இருக்கலாம். குறிப்பா சுகர் உள்ள பெண்களுக்கு மாரடைப்பே நெஞ்சு வலி இல்லாம வெறும் மூச்சு வாங்கலா வரும். ஒரே வார்த்தை. வார்டுக்கா வீட்டுக்கானு அதுதான் முடிவு பண்ணுது.

நம்ம ஊர்ல இதுக்கு ஒரு வைத்தியம் ஏற்கனவே இருக்கு. நர்ஸம்மாவோ, வரிசையில பின்னாடி நிக்கறவரோ, யாராவது ஒருத்தர் "சார், அவங்க மூச்சு வாங்குதுன்றாங்க"னு சொல்லிடுவாங்க. எந்த அரசாணையும் இதுக்குப் போடல. (இதே ஊர் சாதியை இவ்வளவு லேசாத் தாண்டுதானு கேட்டா இல்லை. ஊர்ப் பெருமை பாடறேன்னு நினைக்காதீங்க. அது தனி த்ரெட்.)

இப்ப எனக்குக் கவலை குடுக்கற விஷயத்துக்கு வர்றேன்.

போன வருஷம் ஒரு பாட்டியை பேரன் கூட்டிட்டு வந்தான். காலேஜ் படிக்கற பையன். பாட்டி தெலுங்குல ஆரம்பிச்சாங்க. பையன் பல்லைக் கடிச்சுக்கிட்டு, "தெலுங்குல பேசாத, தமிழ்ல சொல்லு"ன்னான். பாட்டி வாயை மூடிக்கிட்டாங்க. நான் தெலுங்குல கேட்டதும் பாட்டி பேசினாங்க, பையன் தலையைக் குனிஞ்சுக்கிட்டான். சென்னையில ஹாஸ்டல்ல இருக்கானாம். அங்க "வந்தேறி"னு விளையாட்டாக் கூப்பிடுவாங்களாம். விளையாட்டாத்தான். அந்த விளையாட்டுக்கு நூறு கிலோமீட்டர் தள்ளி ஒரு கிழவி டாக்டர்கிட்ட வலியைச் சொல்லப் பயப்படறா. இதையேதான் கோட்டுக்கு அந்தப் பக்கம் நகரியிலயும் புத்தூர்லயும் இருக்கற தமிழ்ப் பாட்டிக்கு யாராவது செஞ்சா நாம சும்மா இருப்போமா? வேங்கடத்துக்காகக் கத்தினவங்க பேரப் பிள்ளைங்க நாம.

இன்னொரு பாட்டி. ஸ்ட்ரோக். பல வருஷமா வெளியில எல்லாம் தமிழ்தான் பேசினவங்க. முழிச்சதும் ஏதோ முனகினாங்க. வீட்ல இருந்த சின்னவங்களுக்குத் தெலுங்கே தெரியாது. "மூளை கலங்கிடுச்சு, உளறாங்க"னு அழுதாங்க. கேஸ் ஷீட்ல கூட பேச்சு புரியலனுதான் இருந்துச்சு. ராத்திரி டியூட்டிக்கு வந்த நர்ஸ் நகரிப் பக்கத்துப் பொண்ணு. ஒரு நிமிஷம் குனிஞ்சு கேட்டுட்டு சொன்னா: "உளறல சார், நீள்ளு கேக்கறாங்க." தண்ணி. பகல் பூரா தண்ணி கேட்டுட்டு இருந்திருக்காங்க.

மருத்துவத்துல இது பழைய விவாதம். 1881-ல் பிரான்சில் ரிபோ, மூளை அடிபட்டா முதல்ல கத்துக்கிட்டது கடைசி வரை நிக்கும்னார். 1895-ல் பித்ரஸ், அப்படி இல்ல, அதிகம் புழங்கின மொழிதான் முதல்ல திரும்பும்னார். நடைமுறையில நிறைய பேருக்கு ரெண்டு மொழியும் சேர்ந்தே திரும்புது. சிலருக்கு ஒன்னு மட்டும் முன்னாடி வருது. எது வரும்னு முன்கூட்டிச் சொல்ல முடியாது. மறதி நோயில பல பேர் சின்ன வயசு மொழிக்கே போயிடறாங்க. அறுபது வருஷம் தமிழ்லயே வாழ்ந்தவங்க கூட. இது தெலுங்குக்கு மட்டும் இல்ல. உங்க வீட்டுல சௌராஷ்டிரம், கன்னடம், உருது, மலையாளம் எதுவா வேணா இருக்கலாம். பெங்களூர்லயோ மும்பையிலயோ இருக்கற உங்க தமிழ் மாமியாருக்கும் இதே கதைதான்.

அதனால ஒரு வேலை சொல்றேன், இன்னைக்கே செய்யுங்க. வீட்ல அறுபது தாண்டினவங்க மெடிக்கல் ஃபைல் இருக்கும்ல, அதுல முதல் பக்கத்துல ரத்த வகை, சுகர், பிரஷர், அலர்ஜி எழுதற இடத்துக்குக் கீழே ஒரு வரி சேருங்க: சின்ன வயசுல வீட்டில் பேசின மொழி எது. அவங்க வலி, மூச்சு, மயக்கம், தண்ணி, ஒன்னுக்கு, அம்மா, இதுக்கெல்லாம் என்ன வார்த்தை சொல்லுவாங்கனு கேட்டு, தமிழ் எழுத்துலயே பக்கத்துல அர்த்தத்தோட எழுதுங்க. பத்து வார்த்தை போதும். ஐசியூல உங்களை உள்ள விட மாட்டாங்க, அந்தப் பேப்பர் உள்ள போகும்.

எழுதும்போது உங்க வீட்டுல சிக்குற வார்த்தைகளைக் கீழே போடுங்க, "ஆயாசம்" மாதிரி ரெண்டு அர்த்தம் வர்றது இருந்தா கண்டிப்பா. சாயங்கால ஓபி முடிஞ்சதும் வந்து பதில் சொல்றேன். ராதாகிருஷ்ணன் சண்டை போட வர்றவங்களுக்கு மட்டும் பதில் கிடையாது.